காய்ச்சல் இறங்கிய காலை

எங்கள் வீட்டில் என் வாய்க்குப் பயப்படாதவர் ஒருவர்தான் உண்டு. அவர் என் மாமனார் சின்னசாமி. கோலார் பக்கம் சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கம் மூடுகிறவரைக்கும் அதற்குள் இறங்கி வேலை பார்த்தவர். நான் கத்தினால் அவர் பதிலுக்குக் கத்த மாட்டார், பேச்சையே நிறுத்திவிடுவார். என் கத்தலைவிட அது பெரிய கொடுமை. போன மழைக்காலத்தில் அப்படித்தான் ஒருநாள் நிறுத்தினார். காரணம், நான் கொட்டிய ஒரு ட்ரம் தண்ணீர்.

சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டிய வரிசை வீடுகளில்தான் இன்னும் இருக்கிறோம். லைன் வீடு என்போம். எங்கள் லைனுக்குக் குழாய்த் தண்ணீர் தோன்றினால் வரும், இல்லாவிட்டால் வராது. வருகிற அன்றைக்குப் பிடித்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. அதனால் எந்த வீட்டு வாசலிலும் காலை நீட்டி உட்கார இடம் இருக்காது, நீல ட்ரம்கள்தான் நிற்கும். மாமா இதிலும் ஒரு படி மேலே போய், கொல்லையில் தனியாக ஒரு ட்ரம் வைத்திருந்தார். அது அவசரத்துக்கு. யாரும் தொடக் கூடாது. பூமிக்கு அடியில் வேலை செய்தவர் அல்லவா, எதையாவது மிச்சம் வைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பழைய கதவுப் பலகை ஒன்றை அதன்மேல் போட்டு, பலகைமேல் ஒரு கல்லையும் வைத்திருந்தார்.

லைனில் அங்கங்கே காய்ச்சல் என்று கேள்விப்பட்டு சுகாதாரத் துறைப் பெண்கள் வீடு வீடாக வந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், மாமாவின் அவசர ட்ரம்மில்தான் புழு நெளிந்துகொண்டிருந்தது. பலகைக்கும் ட்ரம்முக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. கொசுவுக்கு அது போதாதா? மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. கொசு சாக்கடையில்தான் வரும், இது குடிக்கிற தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கிறது பாருங்கள் என்று அவர்களிடம் வாதாடினார். டெங்கு கொசுவுக்கு அந்தக் கண்ணாடித் தண்ணீர்தான் வேண்டும் என்று அவர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். அது பகலில் கடிக்கிற கொசு. காய்ச்சல்காரரைக் கடித்துவிட்டுக் கொஞ்ச நாள் கழித்து அடுத்த ஆளைக் கடித்தால் அவருக்கும் வந்துவிடும். வாரம் ஒருமுறை ட்ரம்மைக் காலி செய்து உள்பக்கச் சுவரை நன்றாகத் தேய்க்க வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் வாயைத் துணியால் இறுகக் கட்ட வேண்டும். இதையெல்லாம் கேட்டு மாமா தலையை ஆட்டினார். அவர்கள் தெருமுனை தாண்டியதும் பலகையை எடுத்துப் பழையபடி போட்டார், கல்லையும் வைத்தார்.

நான் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சிக்கூடப் பார்த்தேன், அது எனக்கு வராத வேலை. வடிகட்டித் துணி துவைக்கவாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த ட்ரம்மில் கை வைத்தால் பார் என்றார். ஒருநாள் அவர் பென்ஷன் விஷயமாக வெளியே போன நேரத்தில் இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்துவிட்டேன். எங்கள் ஊரில் தண்ணீரைக் கொட்டுவது என்றால் சாதாரணம் இல்லை. பக்கத்து வீட்டுப் பார்வதம்மா அக்கா வாயில் கை வைத்து நின்றாள். மாமா திரும்பி வந்து ஈர மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அன்றோடு என்னிடம் பேச்சு கிடையாது. சொல்லி அனுப்ப வீட்டில் பேரனோ பேத்தியோ இல்லை, அதனால் டீ வேண்டுமானால் சுவரைப் பார்த்து “டீ” என்பார். இன்றைக்கும் அப்படி ஒரு ட்ரம்மைப் பார்த்தால் நான் சாய்க்கத்தான் செய்வேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் சாய்ப்பதற்கு முன்னாலேயே எத்தனை கொசு பறந்து போயிருந்ததோ, யார் கண்டது? சில நாளில் என் வீட்டுக்காரர் உதய் படுத்துவிட்டார்.

உதய்க்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு பட்டறைக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற வேலை. எங்கள் ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் விடியும் முன்னே ரயில் ஏறி பெங்களூருக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள்தானே, அவர்களில் ஒருவர். எத்தனையோ வருஷம் காண்ட்ராக்ட்டில் கிடந்து, அப்போதுதான் நிரந்தரம் ஆக்குகிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். கன்ஃபர்மேசன் என்ற அந்தச் சொல்லை அவர் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். அதற்குள் ஒருநாள் லீவு போட்டாலும் பெயர் கெட்டுவிடும் என்று அவருக்குள் ஒரு பயம். சூபர்வைசர் நல்ல மனுஷன், உடம்பைப் பாருங்கள் என்றுதான் போனில் சொன்னார். இவர் நம்பவில்லை.

முதல் நாள் ரயிலை விட்டு இறங்கி வரும்போதே முகம் சிவந்திருந்தது. சாப்பாடு வேண்டாம் என்றார். கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். முதுகு, முழங்கால், விரல் கணு எல்லாம் வலி. தொட்டால் உள்ளங்கை சுட்டது. பையில் இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார், ரயிலில் கூட வருகிற நோயல் கொடுத்ததாம். முதுகு வலிக்கு அந்தப் பெட்டியில் எல்லாரும் விழுங்குவது அதைத்தான். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் எதையும் விழுங்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்குதான். டாக்டரம்மா கோலார்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். வலி மாத்திரையைக் காட்டியதும், இதைக் கொடுக்காமல் விட்டீர்களே, நல்ல வேலை செய்தீர்கள் என்றார். டெங்குவில் அந்த மாதிரி மாத்திரை ரத்தக் கசிவில் கொண்டுபோய் விட்டுவிடுமாம். பாராசிட்டமால் மட்டும் போதும், அதையும் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று வாய் காயாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பகலிலும் கொசுவலைக்குள்தான் படுக்க வேண்டும், இல்லாவிட்டால் இவரைக் கடித்த கொசு லைனுக்கே பங்கு வைத்துவிடும். தினம் ரத்தம் பார்க்க வேண்டும். நாங்கள் எழுந்து கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தி ஒன்று சொன்னார்.

“ஜ்வரம் இருக்கறப்ப நீங்க பயப்படறீங்க. இது ஜ்வரம் இறங்குன மேலதான்மா ஜாஸ்தி ஜாக்கிரதை. வயித்து வலி, வாந்தி, பல் ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுனு ஆகறது, ஆளு சோர்ந்து போறது. இதுல ஒண்ணு வந்தாலும் யோசிக்காதீங்க, தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.”

நான் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் உதய்யிடம் சொல்கிற மாதிரி, மாமாவின் காதில் விழட்டும் என்று கூடத்தில் நின்று உரக்கச் சொன்னேன். மாமா எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நானும் என் சத்தத்தைக் கூட்டினேன். கடைசியில் டிவியில் என்ன ஓடியது என்றும் யாருக்கும் தெரியாது, நான் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை.

ஏறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாமா வீட்டில் காய்ச்சலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். காய்ச்சல் இறங்கினால் ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் அவரும் அவர் அப்பாவும் அப்படித்தான் போனார்களாம். தெர்மாமீட்டர் கீழே வந்ததா, அடுத்த ஷிஃப்ட்டுக்குக் கேஜ் ஏறிவிட வேண்டும். கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு. காய்ச்சல் விட்ட பிறகும் படுத்துக் கிடப்பவனை அவர்கள் வீட்டில் ஆம்பிளையாகச் சேர்த்ததே இல்லை. உதய்யும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதானே. அப்பனும் மகனும் இதில் மட்டும் ஒரே கட்சி.

காய்ச்சல் நாட்கள் ஒருவழியாகப் போயின. பார்வதம்மா அக்கா பப்பாளி இலையை அரைத்து ஒரு தம்ளர் கொண்டுவந்தாள். அவள் மனசுக்காக ஒரு வாய் குடித்துவிட்டு, உள்ளே இருந்த கஞ்சியையும் சேர்த்துக் கக்கினார் உதய். அக்கா கோபித்துக்கொள்ளாதே, டாக்டரம்மா சொன்னதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று தம்ளரைக் கழுவிக் கொடுத்தேன். மார்பிலும் கையிலும் சிவப்பாகத் தடித்தது. தட்டணுக்கள் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன, ஆனால் இன்னும் பயமில்லை என்றார்கள். நான் வேலை பார்க்கும் ராபர்ட்சன்பேட்டை துணிக்கடையில் லீவு சொல்லிவிட்டு வலைக்கு வெளியே பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் கண்ணைத் தாண்டி அவருக்கு எதுவும் ஆகாது என்று உறுதியாக இருந்தேன்.

அந்தக் கண் அசந்தது குழாயடியில்.

விடியற்காலையில் தண்ணீர் வந்துவிட்டது என்று லைனே எழுந்து ஓடியது. உதய் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குடங்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அன்றைக்குப் பார்த்துக் குழாய் நூல் மாதிரி ஒழுகியது, வரிசையில் முன்னால் நின்றவள் ட்ரம்மையே உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளோடு ஒரு சண்டை போட்டுவிட்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தோடு திரும்பினால், கொசுவலை சுருட்டி மேலே கட்டியிருந்தது. பாயும் சுருட்டி வைத்திருந்தது. ஆளைக் காணோம்.

மாமா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை நாள் பேசாதவர், தானாக என்னிடம் பேசினார்.

“காய்ச்சல் சுத்தமா இறங்கிடுச்சிம்மா. ஒடம்பு அப்டியே தண்ணியாட்டம் கீது. நான்தான் பையக் குடுத்து அனுப்பிட்டேன். ரயிலு ஏறியிருப்பான் இந்நேரம்.”

குடத்தைக் கீழே வைத்தேனா போட்டேனா, எனக்கு நினைவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கத்த வராமல் போன இடம் அதுதான். தண்ணியாட்டம் கீது என்ற சொல் காதில் விழுந்ததுமே, கை கால் ஜில்லென்று ஆனால் தூக்கிக்கொண்டு வா என்று டாக்டரம்மா சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. உடம்பு குளிர்ந்துவிட்டது என்று இந்த மனுஷன் சந்தோஷப்படுகிறாரே, அடக் கடவுளே என்று நினைத்தேன்.

உதய்க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்தால் நான் என்ன சொல்லுவேன் என்று அவருக்குத் தெரியாதா? அடுத்து நோயலுக்குப் போட்டேன். உதய்யைவிடச் சின்னவன், கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுகிறவன். அவர்கள் பெட்டியில் வருஷக்கணக்காக அதே ஆட்கள்தான் வருவார்கள். கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பார்கள், டிபனைப் பங்கு போட்டுத் தின்பார்கள், யாருக்காவது பிறந்த நாள் என்றால் ஆளைக் கையும் காலுமாகத் தூக்கிக் குலுக்கிவிட்டுத்தான் கீழே விடுவார்கள். அந்தக் கும்பலுக்கு நோயல்தான் தலைவன் மாதிரி. எடுத்ததும் ஒரே உற்சாகம். அண்ணன் வந்துவிட்டார், காய்ச்சல் போயே போச்சு, ஜன்னல் சீட்டுக் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறோம் என்றான்.

அவர் கையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

“சில்லுனு கீது அண்ணி,” என்றான். “வேர்த்துக் கொட்டுது. வயித்தப் புடிச்சிகினு சுருண்டு கீறாரு. காலைல எதுவும் துன்னல, அதான் போல.”

“அது பசி இல்ல நோயல். நான் சொல்றதக் கேளு. பங்காருபேட்டைல அவர எறக்கிடு. அதுக்கு மேல ஒரு ஸ்டேஷன்கூடப் போவக் கூடாது.”

நோயல் அவரிடம் சொல்வது கேட்டது. உதய் ஏதோ சீறுவதும் கேட்டது. இறங்க மாட்டேன் என்கிறார், கன்ஃபர்மேசன் என்கிறார், கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நோயல் தயங்கினான். எனக்கு அப்போதுதான் என் குரல் திரும்பி வந்தது.

“பொறந்த நாளுக்குத் தூக்குறீங்களே எல்லாரும் சேர்ந்து, அப்டித் தூக்குங்க. திட்டுனா திட்டட்டும். அடிச்சாலும் வாங்கிக்கோ. உங்க அண்ணன் எனக்கு உசுரோட வோணும்.”

சரி அண்ணி என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா அப்படியே நிற்கிறார். சிரிப்பு போய்விட்டது. நான் பேசியது முழுவதும் கேட்டிருக்கிறார், அன்றைக்கு டிவி ஓடவில்லை. எங்கள் வீட்டில் வண்டி என்று இருப்பது அவருடைய மொபெட் ஒன்றுதான். நான் அதைக் காட்டி, எடுங்கள் என்றேன். சட்டையைக்கூட மாட்டாமல் பனியனோடு எடுத்தார்.

அந்த மொபெட்டில் அதற்கு முன் நான் ஏறியதே இல்லை. அரிசி மூட்டைக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு அதில் இருந்ததில்லை. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டுகிறவரைக்கும் அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. திட்ட வேண்டும் என்று எனக்கு நெஞ்சு முட்ட இருந்தது. பெற்ற பிள்ளையைப் பையைக் கொடுத்து அனுப்பினீர்களே, டாக்டரம்மா சொன்னதைத் தொண்டை கிழியக் கத்தினேனே என்று கேட்க வேண்டும். உதய் இறங்கட்டும், பிழைக்கட்டும், அப்புறம் உட்கார வைத்துக் கேட்கிறேன் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக்கொண்டே போனேன். அவர் இறங்கிவிடுவார், நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சந்தேகப்பட நேரமும் இல்லை.

பங்காருபேட்டை நெருங்கும்போது ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். மாமா தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“நம்ம ட்ரம்முக் கொசுதானா வாணிம்மா?”

வேறு நாளாக இருந்தால் ஆமாம் என்று பத்து வீட்டுக்குக் கேட்கச் சொல்லியிருப்பேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஈரமில்லாமல் காய்ந்துபோய், கிழவராகத் தெரிந்தார்.

“யாருக்குத் தெரியும் மாமா. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க,” என்றேன்.

நாங்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சைச் சுற்றிக் கும்பல். நோயலும் அவன் ஆட்களும் ரயிலை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள், அன்றைய சம்பளமும் போயிற்று அவர்களுக்கு. ஒருவன் சட்டைப் பொத்தான் அறுந்து தொங்கியது, உதய் அவ்வளவு போராடியிருக்கிறார். அவரைப் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நோயல் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கொடுத்தோம், வாந்தி எடுத்துவிட்டார் என்றான்.

என்னைப் பார்த்ததும் உதய்க்குக் கோபம் வந்தது. மானம் போய்விட்டது, மொத்த ரயிலும் பார்த்தது, இன்றைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடும், இத்தனை வருஷம் பட்ட பாடு எல்லாம் வீண் என்றார். குரலே வரவில்லை, உதடுதான் அசைந்தது. உதடு வெளுத்திருந்தது. அடுத்த ரயிலைப் பிடிக்கிறேன் என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தடுப்பதற்குள் எழுந்துவிட்டார், அதே வேகத்தில் முழங்கால் மடங்கியது. மாமா பின்னால் இருந்து அக்குளில் கை கொடுத்துப் பிடித்தார். மகனின் முழு எடையும் அந்தக் கிழவர் மார்பில் சாய்ந்தது.

“வேணாம்டா,” என்றார் மாமா. “போதும். ஷிஃப்ட்டு எங்கயும் போவாது.”

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டெங்கு, காய்ச்சல் இறங்கிவிட்டது, வயிறு வலிக்கிறது, வாந்தி, கை கால் சில்லிட்டுவிட்டது என்று வாசலில் வைத்தே நான் ஒப்பித்தேன். எங்களை யாரும் சீட்டு எழுதி வாருங்கள் என்று அலைய விடவில்லை. நர்ஸ் எலைன் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். சலைன் ஏறியது. ரத்தக் குழாயில் இருந்து நீர் கசிந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது, அதனால்தான் அழுத்தம் விழுந்திருக்கிறது என்று டாக்டர் எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். அளவு பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும், குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கசிவு நிற்கிறவரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. ரத்தம் ஏற்ற வேண்டுமா, தட்டணு வேண்டுமா, ஆள் கூட்டி வரட்டுமா என்று நோயல் கேட்டான். இப்போதைக்குத் தேவை இல்லை, ரத்தக் கசிவு இருந்தால்தான் அது என்றார். அப்புறம் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், ஒயிட்ஃபீல்டு போய்ச் சேருகிறவரைக்கும் இவர் தாங்கியிருக்க மாட்டார் என்றார்.

மாமா அதைக் கேட்டார். போய் மகனின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

அன்றைக்குப் பகல் முழுவதும் எலைன் வந்து வந்து பார்த்தார். விரல் நகத்தை அமுக்கி விட்டு, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். நாடி பார்ப்பார். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளப்பார். ஒரு தடவை முகம் சரியாக இல்லை, டாக்டரை அழைத்து வந்தார், சொட்டு வேகத்தைக் கூட்டினார்கள். நான் தலைமாட்டில் இருந்தேன். நீங்க எங்கயும் போவ மாட்டீங்க, நான் விட மாட்டேன் என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, சொல்லச் சொல்ல எனக்கு அது உறுதிப்பட்டது.

மாமா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். போர்வைக்குள் கையை விட்டு மகனின் இரண்டு பாதங்களையும் பிடித்தவர், எடுக்கவே இல்லை. கழிப்பறைக்குப் போனாலும் ஓட்டமாகத் திரும்பி வந்து அதே இடத்தில் கையை வைத்துக்கொள்வார். நோயல் தன் சட்டை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லி அவருக்குப் போட்டுவிட்டான், அதுகூட அவருக்குத் தெரியவில்லை. சாப்பிடச் சொன்னால் தலையை ஆட்டுவார். கசிவு நிற்க வேண்டும், நின்றால் பசி வரும், சிறுநீர் நன்றாகப் போகும், பிறகு பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக நாங்கள் அன்றைக்கும் மறுநாளும் காத்திருந்தோம். நான் சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் அப்படியே இருந்தது. அவரைப் பார்க்கப் பார்க்க அதில் ஒன்றும் எடுக்க வரவில்லை.

மறுநாள் மதியத்துக்குப் பிறகு, வார்டில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம். நான் நாற்காலியிலேயே கண் அயர்ந்திருந்தேன். மாமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“வாணிம்மா. இங்க வா. தொட்டுப் பாரு.”

பயந்து எழுந்து போனேன். போர்வையை விலக்கி மகனின் பாதத்தை எனக்குக் காட்டினார். நான் கையை வைத்தேன். கதகதப்பாக இருந்தது. விரல் நுனி வரைக்கும் கதகதப்பு வந்திருந்தது.

“சூடு ஏறிடுச்சிம்மா,” என்றார்.

எலைன் வந்து அழுத்தம் பார்த்தார், நாடி பார்த்தார், சிரித்தார். டாக்டர் வந்து, கசிவு நின்றிருக்கிறது, இனி சலைனைக் குறைத்துவிடலாம் என்றார். அவர்கள் போன பிறகும் மாமா அந்தக் காலை விடவில்லை. அதன்மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. எனக்கும் அதுவரை கட்டி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் உடைந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

சத்தத்தில் உதய் கண்ணைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கன்ஃபர்மேசன் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“பசிக்குது வாணி,” என்றார்.

நான் முந்தானையில் முகத்தைத் துடைப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். செருப்பைக்கூட மாட்டாமல், தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்க ஓடினார்.